திருப்பூரில் ஓட்டுப் போடாதவர் யார்?

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மாலை, 72.09 சதவீத வாக்குகள் பதிவானதாக அறிவிப்பு வந்தது. நள்ளிரவுக்குள் அது 69.46 ஆகக் குறைந்தது. இறுதிக் கணக்கு 69.72. முந்தைய மக்களவைத் தேர்தலில், 2019-இல், இது 72.4 சதவீதமாக இருந்தது. தருமபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டிய வாக்குப்பதிவு மத்திய சென்னையில் 54-ஐ எட்டவில்லை. திருப்பூர் தொகுதி ஏறக்குறைய மாநிலச் சராசரியை ஒட்டி, 70 சதவீதத்துக்குச் சற்று மேலே நின்றது.

இப்படி எண்கள் வெளியாகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது. மீதிப் பேர் ஏன் வரவில்லை? சோம்பல், வெறுப்பு, கூலி இழப்பு, இடம்பெயர்வு, பிடிக்காத வேட்பாளர் என்று அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கத் திருப்பூர் பனியன் வட்டாரம் பொருத்தமான இடம். பிற மாவட்டத்தார், பிற மாநிலத்தார் உழைப்பில் நிற்கும் ஊர். பீஸ் ரேட்டில் ஓடும் தொழில். பெரிய கட்சிகள் கூட்டணித் தோழமைக்கு விட்டுக்கொடுக்கும் தொகுதி. ஒவ்வொரு விடைக்கும் இங்கே ஒரு சான்று இருக்கிறது, ஒரு மறுப்பும் இருக்கிறது.

முதல் விடை: குடிமைச் சோம்பல்

அதிகாரிகளுக்கும் நாளேடுகளுக்கும் மிகப் பிடித்த விடை இது. வாக்காளருக்கு அக்கறை இல்லை, அவரைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது இதன் சாரம். தேர்தல் ஆணையம் 2009-க்குப் பின் தொடங்கிய வாக்காளர் விழிப்புணர்வுத் திட்டமும், 2011 முதல் ஜனவரி 25 அன்று கொண்டாடப்படும் தேசிய வாக்காளர் நாளும் இந்தப் பார்வையில் பிறந்தவை. கோலப் போட்டி, மனிதச் சங்கிலி, கல்லூரி மாணவர் உறுதிமொழி என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் மாவட்ட நிர்வாகங்கள் மெனக்கெடுகின்றன.

இந்த விடைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2011 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு 78 சதவீதத்தைத் தாண்டியது. பூத் சிலிப்பை ஆணையமே வீடுதேடித் தரத் தொடங்கிய காலம் அது. ஆனால் சோம்பல்தான் காரணம் என்றால், படிப்பும் வசதியும் போக்குவரத்தும் கூடிய இடத்தில் பதிவு உயர வேண்டும். நடப்பது நேர்மாறு. 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சிகளில் சுமார் 75 சதவீதமும், நகராட்சிகளில் 68 சதவீதமும், மாநகராட்சிகளில் 52 சதவீதமுமே பதிவாயின. ஊர் பெரிதாகப் பெரிதாகப் பதிவு சரிகிறது. தேர்தல் ஆய்வாளர் யோகேந்திர யாதவ் 1990-களிலேயே சுட்டியதுபோல, இந்தியாவில் ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் வாக்குச்சாவடிக்கு வருவதில் பின்தங்கியவர்கள் அல்லர்.

திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வலுப்படுத்துகிறது. வாக்கு என்பது உரிமை, குடிமகன் என்பதற்கான அடையாளம், ரேஷன், நூறு நாள் வேலை போன்ற திட்டங்களோடு தொடர்புடைய கருவி என்றெல்லாம் கிராமத்து உழைப்பாளர் கருதுவதை அவர்கள் பதிவு செய்தார்கள். ஊரில் இவ்வளவு கருத்தோடு வாக்களிக்கும் அதே சமூகத்தார் நகரத்துக்குள் வந்ததும் அக்கறை இழந்துவிடுகிறார்கள் என்று சொல்வதற்கு வேறு காரணம் வேண்டும்.

இரண்டாம் விடை: கணக்குப் பார்க்கும் வாக்காளர்

அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1957-இல் முன்வைத்த வாதம் எளிமையானது. லட்சக்கணக்கான வாக்குகளில் ஒருவருடைய வாக்கு முடிவை மாற்றுவது அரிது. வாக்களிக்கவோ நேரமும் பணமும் செலவாகிறது. ஆகவே போகாமல் இருப்பதும் விவரம் தேடாமல் இருப்பதும் அறிவுக்கு ஒவ்வாத செயல்கள் அல்ல. பின்னால் வந்தவர்கள், கடமையுணர்வு தரும் நிறைவையும் கணக்கில் சேர்த்து இந்த வாதத்தைத் திருத்தினார்கள்.

பனியன் கம்பெனிகளில் இந்தச் செலவு கண்கூடு. ஒன்றரை ஷிப்ட் என்பது பல இடங்களில் வழக்கமான வேலை நேரம். ஓவர்லாக், பேட்லாக் தையல்காரர்களில் பலருக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. சனிக்கிழமை கைக்கு வரும் தொகையில் ஒரு நாள் குறைந்தால் அது வீட்டு வாடகையில் தெரியும். சொந்த ஊர் தேனியிலோ ராமநாதபுரத்திலோ திருவாரூரிலோ இருந்தால், ஒரு வாக்குக்கு இரண்டு இரவுப் பயணமும் பேருந்துக் கட்டணமும் சேரும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். அதோடு, சட்டம் தருவது ஒரு நாள். சொந்த ஊர் போய்வரத் தேவைப்படுவது இரண்டு மூன்று நாள். ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பவர் டேபிள் யூனிட்டில், கான்ட்ராக்டரின் கீழ் பீஸ் கணக்கில் தைப்பவருக்கு ‘சம்பளத்துடன் விடுப்பு’ எந்தத் தொகையைக் குறிக்கும் என்பதும் தெளிவாவதில்லை.

ஆனாலும் கணக்கு மட்டுமே வாக்காளரை விளக்கிவிடாது. 2019 ஏப்ரல் 18 வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. அந்தத் தேர்தலுக்கு முந்தைய இரவு சென்னைக் கோயம்பேட்டில் பேருந்து கிடைக்காமல் பெருங்கூட்டம் தவித்தது. திருப்பூரிலிருந்து தென்மாவட்டம் போகும் பேருந்துகளிலும் தேர்தல் நேரக் கூட்டம் வழக்கமானதுதான். தன் ஒரு வாக்கு முடிவை மாற்றாது என்று கணக்குப் போட்டவர்கள் இரவெல்லாம் நின்றுகொண்டு பயணம் செய்திருக்க மாட்டார்கள். ஊர்த் திருவிழா, உறவு, உள்ளூர்க் கட்சிக்காரரின் அழைப்பு, சில வேளை பணம் ஆகியவையும் சேர்ந்துதான் அந்தப் பயணம் நடக்கிறது.

மூன்றாம் விடை: பெயர் ஓரிடம், பிழைப்பு ஓரிடம்

அண்மைக் காலத்தில் மிகுந்த கவனம் பெற்றிருப்பது இந்த விடை. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் ‘சாதாரணமாக வசிக்கும்’ இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்கிறது. படைவீரருக்கும் தேர்தல் பணியாளருக்கும் தபால் வாக்கு உண்டு. இடம்பெயர்ந்த தொழிலாளிக்கு இல்லை. அவர் திருப்பூருக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம் இல்லாத லைன் வீடு, கம்பெனி விடுதி, ஆண்டுக்கொரு முறை மாறும் முகவரி ஆகியவற்றைக் கொண்டு அதைச் செய்வது எளிதல்ல. செய்தால் ஊரோடுள்ள பிடி தளரும் என்ற அச்சமும் உண்டு. ரேஷன் அட்டை, நிலப் பட்டா, பஞ்சாயத்துத் தேர்தல் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன?

இதற்குத் தீர்வாகத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் தொலைவாக்கு இயந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்க அது வழிசெய்யும் என்றார்கள். 2019-இல் 30 கோடிக்கு மேற்பட்டோர் வாக்களிக்காததையும் அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். 2023 ஜனவரி 16 அன்று டெல்லியில் கட்சிகளைக் கூட்டியபோது தி.மு.க., காங்கிரஸ் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. இடம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு வரையறை இல்லை. பீகார்த் தொகுதி வேட்பாளரின் பூத் ஏஜென்ட் திருப்பூரில் எப்படி உட்காருவார்? நடத்தை விதிகளை வேற்று மாநிலத்தில் யார் காப்பார்? இந்தக் கேள்விகள் முழுவதுமாகத் தட்டிக்கழிக்கத் தக்கவை அல்ல.

அடுத்த மாதங்களிலேயே இன்னொரு பக்கமும் வெளிப்பட்டது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் இந்தி பேசும் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. திருப்பூரில் பீதி கிளம்பியது. பீகார் அரசுக் குழு நேரில் வந்து விசாரித்துச் சென்றது. வாக்கு இல்லாத இடத்தில் ஒரு கூட்டத்தின் பாதுகாப்பு அரசியல் பேச்சாகும்போது, அந்தக் கூட்டத்தின் குரல் உள்ளூர்த் தேர்தலில் எங்கும் பதிவாவதில்லை.

இந்த விடையின் வலிமை 2025-இல் கூடியது. தமிழ்நாட்டில் நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்மாறியவர் அல்லது முகவரியில் இல்லாதவர் என்று வகைப்படுத்தப்பட்டார்கள். அந்த வகைப்பாடு எவ்வளவு சரி என்பதில் கடும் சர்ச்சை உண்டு. ஆயினும் ஒன்று சொல்லலாம்: முந்தைய தேர்தல்களின் ‘வராத வாக்காளர்’ கணக்கில், வர முடியாதவர்களும் இறந்தவர்களும் கணிசமாகக் கலந்திருக்கிறார்கள்.

பீகார் இதற்கு ஒப்பீடு தருகிறது. அங்கே முன்னதாகவே நடந்த அதே வகைத் திருத்தத்தில் வாக்காளர் எண்ணிக்கை 7.89 கோடியிலிருந்து 7.42 கோடியாகக் குறைந்தது. 2025 நவம்பரில் நடந்த தேர்தலில் சுமார் 67 சதவீதப் பதிவு, அந்த மாநிலத்தில் 1951 முதல் காணாத அளவு. பெண்கள் 71.6 சதவீதம், ஆண்கள் 62.8. வேலைக்காக வெளிமாநிலம் போன ஆண்கள் திரும்ப இயலாததை இந்த இடைவெளி காட்டக்கூடும். வகுக்கும் எண் சிறுத்ததால் சதவீதம் பெருத்ததா, ஆர்வம் உண்மையிலேயே கூடியதா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

நான்காம் விடை: வேட்பாளரைத் தேர்ந்தது யார்?

இதுவரை கண்ட விடைகள் வாக்குச்சாவடிக்கு வராதவரைப் பற்றியவை. இன்னொரு கூட்டமும் உண்டு: வருகிறார், வாக்களிக்கிறார், ஆனால் தேர்வில் தனக்குப் பங்கில்லை என்று நினைக்கிறார். இந்தியச் சட்டத்தில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் என ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் நடைமுறை எல்லோரும் அறிந்தது. கட்டணம் கட்டி விருப்ப மனு, தலைமையகத்தில் நேர்காணல், கூட்டணியில் தொகுதிப் பங்கீடு, பிறகு ஒரு காலையில் பட்டியல். இதற்கு முன் மேடையில் எதிரெதிரே நின்று விவாதிக்கும் கட்டம் ஏதுமில்லை.

திருப்பூர் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2008 மறுவரையறைக்குப் பின் உருவான மக்களவைத் தொகுதியை 2009, 2014-இல் அ.தி.மு.க. வென்றது. 2019, 2024-இல் தி.மு.க. கூட்டணி இதை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கியது, கே.சுப்பராயன் இருமுறையும் வென்றார். 2011-இல் அ.தி.மு.க. அணி திருப்பூர் தெற்கு சட்டமன்றத் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சிக்குத் தந்தது. தி.மு.க. அல்லது அ.தி.மு.க.வின் உள்ளூர்த் தொண்டர் வேட்பாளரை முடிவு செய்யவில்லை. எந்தக் கட்சி நிற்கும் என்பதையே அவர் முடிவு செய்யவில்லை.

முதற்கட்டத் தேர்தல் இருந்தால் இது தீருமா? அமெரிக்காவில் 1968 சிகாகோ மாநாட்டுக் குழப்பத்துக்குப் பின், 1972 முதல் இம்முறை பெருகியது. அங்கும் சாவடிக்கு வருவோர் குறைவுதான். 2016-இல், இரு கட்சிகளும் கடும்போட்டி கண்டபோதும், தகுதியுள்ளோரில் சுமார் 28 சதவீதம் பேரே பங்கெடுத்தார்கள். 2023-இல் குடியரசுக் கட்சியின் முதல் விவாதத்தை 1.28 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டார்கள். டிசம்பரில் நடந்த நான்காவது விவாதத்துக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. முன்னணியில் இருந்த டொனால்ட் டிரம்ப் ஒன்றிலும் தோன்றவில்லை. மேடை இருந்தால் மட்டும் போதாது, அதில் முடிவு உண்மையிலேயே தீர்மானமாக வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. 2014-இல் ராகுல் காந்தியின் முனைப்பில் காங்கிரஸ் பதினைந்தை ஒட்டிய தொகுதிகளில் உட்கட்சித் தேர்தல் வைத்தது. வடோதராவில் அப்படித் தேர்வான நரேந்திர ராவத்துக்குப் பதிலாகக் கடைசியில் மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்கும், சசி தரூர் 1,072 வாக்கும் பெற்றார்கள். வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் மட்டுமே; நேருக்கு நேர் விவாதம் நடக்கவில்லை. தி.மு.க.வில் 2018-இலும் 2022-இலும் மு.க.ஸ்டாலின், அ.தி.மு.க.வில் 2023 மார்ச்சில் எடப்பாடி கே.பழனிசாமி ஆகியோர் போட்டியின்றியே தேர்வானார்கள். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எம்.ஜி.ஆர். கால விதி அ.தி.மு.க.வில் இருந்தும், போட்டி நிகழாதபோது அந்த விதிக்கு வேலையில்லை. 1999-இல் சட்ட ஆணையத்தின் 170-ஆவது அறிக்கை உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. அது ஏட்டளவிலேயே நின்றது.

இந்த விடைக்கும் பலவீனம் உண்டு. கூட்டணி முடிவு எப்போதும் வெளியாரைத் திணிப்பதில்லை. சுப்பராயன் இந்த ஊர்த் தொழிற்சங்க அரசியலில் நெடுங்காலம் இயங்கியவர். மேலும், வேட்பாளர் தேர்வில் பங்கில்லாத இதே முறையில்தான் தருமபுரி 81 சதவீதம் வாக்களிக்கிறது.

ஐந்தாம் விடை: வெறுப்பு

வெறுப்பால்தான் விலகுகிறார்கள் என்ற விடைக்குக் கொங்குப் பகுதியே நாடறிந்த சான்றுகளைத் தந்திருக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் வேட்பாளரானார்கள், வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. 2014-இல் நீலகிரித் தொகுதியில் 46,559 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே மிக அதிகமான எண்ணிக்கை அது. அங்கே நோட்டா காங்கிரசையும் முந்தி மூன்றாம் இடம் பிடித்தது. பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியானதும் அதற்கு ஒரு காரணம். திருப்பூர் மாவட்டத்து அவினாசி அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது.

2016 மே 14 அன்று, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, திருப்பூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. வங்கிப் பணம் என்று ஸ்டேட் வங்கி உரிமை கோரியது, விவகாரம் சி.பி.ஐ. விசாரணை வரை போனது. விளக்கம் எதுவானாலும், அந்த நாளின் செய்தி பலருக்கு ஏற்கெனவே இருந்த ஐயத்தை ஆழப்படுத்தியிருக்கும்.

ஆனால் மொடக்குறிச்சியும் நீலகிரியும் விலகலுக்குச் சான்றா, ஈடுபாட்டுக்குச் சான்றா? நோட்டாவை அழுத்த வரிசையில் நிற்பவர் வீட்டில் இருப்பவரின் இனம் அல்லர். தேர்தல்தோறும் வாக்குறுதியாக வந்துபோன அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2019-இல் அடிக்கல் கண்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த அந்த வட்டாரம் சாவடியைக் கைவிட்டுவிடவில்லை.

கருத்துக்குப் பஞ்சமில்லை

திருப்பூரில் அரசியல் கருத்து குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., 2022 மே மாதம் நூல் விலைக்கு எதிராக நடந்த இரண்டு நாள் உற்பத்தி நிறுத்தம், 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி என ஒவ்வொன்றும் கம்பெனி அலுவலகத்திலும் டீக்கடையிலும் மாதக்கணக்கில் பேசப்பட்டது. ஆனால் அந்தப் பேச்சு போய்ச் சேரும் வழி தேர்தலாக இருப்பதில்லை. 1990-இல் உருவான திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் டெல்லிக்கு நேரடியாக மனு கொடுக்கும். 1984-இல் பஞ்சப்படிக்காக நீண்ட வேலைநிறுத்தம் நடத்திய மரபுள்ள தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்த மேசையில் பேசும்.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வகுத்த பாகுபாடு இங்கே உதவும்: அதிருப்தி கொண்டவர் விலகலாம், அல்லது குரல் எழுப்பலாம். முதலாளிக்குச் சங்கம் குரல். நிரந்தரத் தையல்காரருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் தொழிற்சங்கம் ஓரளவு குரல். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து செக்கிங், அயர்ன், பேக்கிங் பிரிவில் நிற்பவருக்குப் பெரும்பாலும் சங்கமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. அவருக்கு வேலையை விட்டு ரயிலேறும் விலகல் ஒன்றே கைவசம்.

எது நிற்கிறது, எது திறந்திருக்கிறது

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால், மிகப் பலவீனமானது குடிமைச் சோம்பல். கூலி இழப்பும் பதிவுச் சிக்கலும் சேர்ந்து திருப்பூரின் வராத வாக்காளரில் கணிசமானோரை விளக்கக்கூடும். வேட்பாளர் தேர்வில் பங்கின்மையோ வருகையை அல்ல, வந்தவரின் மனநிலையை விளக்குவதாகத் தோன்றுகிறது. இவை தனித்தனி நோய்கள். ஒரே சதவீதத்தை வைத்து மூன்றையும் அளப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று பிரித்துத் தரப்படும் அதிகாரபூர்வ வாக்குப்பதிவு விவரத்தில் தொழிலோ வசிப்பிட மாற்றமோ இடம்பெறுவதில்லை.

திருத்தப்பட்ட பட்டியலின்படி நடக்கும் தேர்தல்களில் சதவீதம் உயர்ந்தால், அதை ஆர்வத்தின் எழுச்சி என்று படிப்பதில் எச்சரிக்கை தேவை. நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் வேறிடத்தில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எங்குமே இல்லாமல் போனார்கள் என்பது அந்தச் சதவீதத்தில் தெரியாது. தொலைவாக்குக்கு எதிரான ஐயங்களும் அவ்வாறே நிற்கின்றன. உட்கட்சித் தேர்வு இங்கே வந்தால் பதிவு கூடுமா என்பதற்கு இந்திய அனுபவம் மிகக் குறைவு.

மிகப் பெரிய திறந்த கேள்வி தொகுதி வரைபடத்தில் இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் இன்று திருப்பூர், கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, நீலகிரி என ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. அந்த எல்லைகள் 2001 மக்கள்தொகையை வைத்து வரையப்பட்டவை. மக்கள்தொகைக் கணக்கு ஆளை அவர் தங்கியிருக்கும் ஊரில் எண்ணுகிறது. வாக்காளர் பட்டியல் பல வேளை அவரைப் பிறந்த ஊரில் வைத்திருக்கிறது. 2027 கணக்கெடுப்பை ஒட்டி மறுவரையறை நடந்தால், பனியன் வட்டாரத்தின் இடங்களைத் தீர்மானிக்கும் தலைகளில் பல லட்சம், அங்கே வாக்களிக்க இயலாதவர்களுடையதாக இருக்கக்கூடும். அந்த இடைவெளியை யார், எந்தச் சட்டத்தின் வழியாகக் குறைப்பது என்பதில் எந்தப் பெரிய கட்சியும் இதுவரை தெளிவான நிலைப்பாட்டை முன்வைக்கவில்லை.